இரண்டாம் கோபுரத்தின் அடியில் ஒரு கப்பல் பள்ளம்

அனுப்புநர்
பதிவு பெற்ற கட்டடக் கலைஞர்,
மூன்றாம் மாடி, கப்பல்பட்டறைச் சாலை.

பெறுநர்
தலைமைத் திட்ட அலுவலர்,
நகர வளர்ச்சி அலுவலகம்.

பொருள்: பழைய கப்பல்பட்டறை நிலத்தில் எழும் மூன்று குடியிருப்புக் கோபுரங்கள் – இரண்டாம் கோபுரத்தின் வரைபடத்தை ரத்து செய்து, பணியை நிறுத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. மேற்படி கோபுரங்களை வடிவமைத்தவள் நான். தாங்கள் ஒப்புதல் அளித்த வரைபடத்தில் உள்ள முத்திரையும் என்னுடையதே. அதை ரத்து செய்ய நானே கேட்பது விந்தையாகத் தோன்றலாம். காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2. மண் பரிசோதனைக்காக அந்நிலத்தில் ஆறு இடங்களில் துளையிட்டோம். ஆறிலும் கெட்டித் தரை கிடைத்தது. அதை நம்பி, இருபத்திரண்டு மாடிக் கோபுரங்கள் மூன்றையும் நீர்க்கரையோரமாக, வீடுகளிலிருந்து தண்ணீர் தெரியும்படி, ஒன்றையொன்று மறைக்காதவாறு வரைந்தேன்.

3. சென்ற மாதம் எட்டாம் தேதி இரண்டாம் கோபுரத்தின் அடித்தளத் தூண்களுக்குத் துளையிடத் தொடங்கினார்கள். ஒன்பது மீட்டர் ஆழத்தில் இயந்திர ஓட்டுநர் வேலையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மேடம், கீழ பிடிமானமே இல்ல. நான் அழுத்தவே இல்ல, அதுவா இறங்குது" என்றார். மேலே வந்த மண்ணில் இரும்புக் கசடும் ஊறிப்போன மரத்துண்டுகளும் இருந்தன.

4. பட்டறை மூடும்வரை அங்கே வெல்டராக இருந்தவர் எதிர்த்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அன்று பிற்பகலே அவரிடம் போனேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டே அவர் சொன்னது: "அங்க பெரிய பள்ளம் இருந்துச்சும்மா. கப்பல உள்ள விட்டு, கதவ அடைச்சு, தண்ணிய இறைச்சுட்டு அடியில வேல செய்வோம். பட்டறைய மூடினப்போ கையில கிடைச்சதையெல்லாம் கொட்டி நிரவிட்டாங்க. நீங்க யாரும் வந்து கேக்கலியே." கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் பிழை. அதற்குச் சாக்குப்போக்கு சொல்லப் போவதில்லை.

5. மேலும் பதினொரு துளைகள் போட்டுப் பள்ளத்தின் எல்லையைக் கண்டறிந்தேன். முதலில் போட்ட ஆறு துளைகளும் அதற்கு வெளியே விழுந்திருந்தன. இரண்டாம் கோபுரத்தின் பாதி அதன்மேல் வருகிறது. அந்தப் பக்கத்துத் தூண்கள் கசடுக்குள்ளேயே முடிந்துவிடும். கட்டடம் ஒருபக்கமாக அமிழும். இதில் எனக்கு ஐயம் ஏதுமில்லை. பதினேழு நாள் உட்கார்ந்து, அக்கோபுரத்தை முப்பத்தாறு மீட்டர் உள்ளே தள்ளி, பள்ளம் இருந்த இடத்தைத் திறந்தவெளியாக விட்டுப் புதிதாக வரைந்தேன்.

6. கட்டுமான நிறுவன இயக்குநர் அதை இரண்டு நிமிடம் பார்த்தார். "தண்ணி தெரியாத வீட்டுக்கு யாரு வருவா? பள்ளத்த நாங்க பாத்துக்கறோம், நீங்க கவலைய விடுங்க" என்று மடித்து என் கையிலேயே கொடுத்தார். மறுநாள் பழைய வரைபடத்தின்படியே துளையிட உத்தரவானது. ஓட்டுநர் மறுத்தார். பதினான்கு ஆண்டு அனுபவமுள்ள அவரை அன்றே வெளியே அனுப்பினார்கள். அதற்கடுத்த நாளிலிருந்து வாசற்காவலர் என்னையும் உள்ளே விடுவதில்லை.

7. இரண்டாம் கோபுரத்தில் வீடு பதிவு செய்துள்ள குடும்பங்கள் நூற்று எழுபத்தாறு. ஒன்பதாம் மாடியில் என் தம்பியின் குடும்பம். நடந்ததை அவனிடம் சொன்னேன். "நீ வரைஞ்சதுன்னுதானேக்கா எடுத்தோம். எனக்குச் சொல்ல நீ இருக்க. மத்தவங்களுக்கு யாரு சொல்லுவா?" என்றான். அவனுக்கு நான் தரும் பதில்தான் இம்மனு.

8. ஆகவே, பழைய வரைபடத்தை ரத்து செய்து, வேறொரு ஓட்டுநரைக் கொண்டு வரும் திங்களன்று மீண்டும் தொடங்கவிருக்கும் துளையிடும் பணியை நிறுத்த ஆணையிடுமாறு வேண்டுகிறேன். என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். தங்கள் பொறியாளர்களைக் கொண்டே மண்ணைச் சோதிக்கலாம். சரியானதைச் செய்ததற்காக வேலை இழந்த ஓட்டுநருக்கு அவ்வேலை திரும்பக் கிடைக்கவும் ஆவன செய்ய வேண்டும். பதினேழு துளைகளின் முடிவுகளும் புதிய வரைபடமும் இத்துடன் உள்ளன. முதல் வரைபடத்தில் நேர்ந்த பிழைக்கு எந்த விசாரணைக்கும் நான் உட்படுவேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் ஓட்டுநரும் பணித்தளத்தின் வாசலில் நிற்போம். எங்களுக்குத் திறக்காத கதவு, தாங்கள் வந்தால் திறந்துதான் ஆக வேண்டும்.

இடம்: கப்பல்பட்டறைச் சாலை
நாள்: செவ்வாய்க்கிழமை, 6ஆம் தேதி

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
கட்டடக் கலைஞர்