சார் அணைக்க மறந்த மைக்

அன்பான பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, சின்னவள் மூன்று பேரும் சுகம். நம்ம மாவு மில்லில் பெல்ட் மட்டும் அடிக்கடி அறுந்து படுத்துக்கொள்கிறது, அதற்கும் சேர்த்து வேண்டிக்கொள். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நைட் டியூட்டி முடித்து ஒழுங்காகத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பச் சொன்னது உன் அம்மா. போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஹலோ சொல்வதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், மிச்சம் மீதி என் கைக்கு வரும்போது நீ டியூட்டிக்கு நேரமாச்சுப்பா என்று வைத்துவிடுகிறாய். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் நீயும் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று விடுதியோடு ஒரு பள்ளி இருக்கிறது, சின்னவளுக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன், அனுப்புவதா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்றாய். அன்றிலிருந்து உன் அம்மா ஒரு நாள் அனுப்பிடலாம் என்கிறாள், மறுநாள் பெத்த பிள்ளையை என்ன பார்சலா கட்டுறது என்று என்னோடு சண்டைக்கு வருகிறாள். நான் இரண்டு நாளும் தலையாட்டினேன். சின்னவளுக்குத் தெரிய வேண்டாம், முடிவானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நாம் மூன்று பேரும் பேசி வைத்திருந்தோம் அல்லவா, அது எப்படிக் காற்றில் போனது என்று முதலில் கேள். முடிவு கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, நடுவில் தாவிப் போகாதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

இங்கே அரசுப் பள்ளிகளுக்கு ஒரு டீச்சர் சுற்றி வருகிறார், காது சரியாகக் கேட்காத பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும் வந்து பார்த்துச் சொல்லிக்கொடுப்பதுதான் அவர் வேலை. சின்னவள் அவருக்கு வைத்த பெயர் காது டீச்சர். சின்னவள் படிப்பில் என்ன கோளாறு என்று அவர்தான் கண்டுபிடித்தார். அறிவியல் சார் முகம் பார்த்துப் பேசும்வரை இவள் காது மிஷினையும் அவர் உதட்டையும் வைத்துப் பிடித்துக்கொள்வாள், அவர் போர்டு பக்கம் திரும்பினால் அவ்வளவுதான், பாடம் போர்டோடு போய்விடும். கடைசியில் புரிஞ்சுதா என்று கேட்பார், வகுப்பே புரிஞ்சுது சார் என்று கத்தும், இவளும் தலையாட்டுவாள். அது மட்டும் என் ரத்தம். அதனால் காது டீச்சர் ஒரு சின்ன மைக் கொண்டுவந்து கொடுத்தார். சார் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் போதும், அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் பேச்சு நேராக இவள் காது மிஷினுக்குள் வந்து விழும். வேறு யாருக்கும் கேட்காது. முதல் நாள் வீட்டுக்கு வந்து, சார் குரல் இவ்வளவு கரகரன்னு இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா என்றாளாம்.

இங்கேதான் வேடிக்கை ஆரம்பம். வகுப்பு முடிந்ததும் சார் அந்த மைக்கை அணைக்க வேண்டும். அவர் மறந்துவிடுவார். மறந்துவிட்டு வராந்தாவில் நடப்பார், ஸ்டாஃப் ரூமில் உட்காருவார், தண்ணீர் குடித்துத் தொண்டையைச் செருமுவார், தனியாக இருக்கிறோம் என்று நினைத்துப் பாட்டுக்கூடப் பாடுவார். எல்லாம் நம்ம வீட்டு மகாராணி காதில் நேரடி ஒலிபரப்பு. இண்டர்வெல்லில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளையைச் சுற்றி ஒரு கூட்டம். இப்ப என்னடி பேசுறாரு என்று ஒருத்தி, டெஸ்ட் உண்டா இல்லையான்னு கேட்டுச் சொல்லு என்று ஒருத்தன். இவளும் கண்ணை மூடிக்கொண்டு, சார் வீட்டுக்குப் போன் பண்றாரு, சிலிண்டர் வந்துச்சான்னு கேக்குறாரு, அவங்க திட்டுறாங்க போல, சரி சரிங்குறாரு என்று செய்தி வாசிப்பாளாம். ரேடியோ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு இது ஒன்றும் தெரியாது. பிள்ளை சிரித்த முகமாக வருகிறாளே, பரவாயில்லையே என்று இருந்தேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் காது மிஷினைக் கழற்றி அலமாரியில் போட்டாள். மறுநாள் மாட்டவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. உன் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள், யாருடனும் சண்டையா என்று கேட்டாள். சனிக்கிழமை சின்னவள் எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மில்லுக்கு வந்தாள். மில் ஓடும்போது அங்கே எல்லாருக்கும் ஒரே காதுதான், உனக்குத் தெரியும், மாவு வாங்க வந்தவர்களும் நானும் வாயசைத்துக் கையாட்டித்தான் கணக்கு முடிப்போம். அந்தச் சத்தத்தில் என் எதிரே நின்று, என்னை அக்கா ஊருக்கு அனுப்பப் போறியாப்பா என்று கேட்டாள். உதட்டைப் பார்த்தே புரிந்தது. கையில் இருந்த மாவுப் பையை அப்படியே கீழே விட்டேன், அடுத்தவர் மாவு வேறு.

நடந்தது இதுதான். நான் தலைமை டீச்சரைப் பார்த்தபோது, இப்படி ஒரு யோசனை இருக்கு என்று ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்தேன். அந்தம்மா அதை ஸ்டாஃப் ரூமில் சொல்ல, கழுத்தில் மைக்கோடு உட்கார்ந்திருந்த நம்ம சார், நானும் மணி கட்டுன மாடு மாதிரி இதை மாட்டிக்கிட்டு கத்துறேன், அவ மண்டைக்குள்ள போகுதா இல்லையான்னே தெரியல, கேள்வி கேட்டா முழிக்கிறா, அக்கா ஊருக்குப் போனா அவளுக்கும் நல்லது நமக்கும் நிம்மதி என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் கூட்டம் சுற்றி உட்கார்ந்து என்ன பேசுறாரு என்ன பேசுறாரு என்று கேட்டதாம். ஒண்ணும் இல்ல, பேப்பர் படிக்கிறாரு என்று சொல்லிவிட்டாளாம். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. எனக்குத்தான் கண்ணில் மாவு விழுந்துவிட்டது.

திங்கட்கிழமை மில்லைப் பூட்டிவிட்டு, காது மிஷினை மாட்டிக்கொள்ளச் சொல்லி இவளோடு பள்ளிக்கூடம் போனேன். தலைமை டீச்சர் அறையில் சார், காது டீச்சர் எல்லாரும் இருந்தார்கள். சண்டை போட எனக்கு வராது, உனக்கே தெரியும், அதனால் சிரித்துக்கொண்டே, சார் நீங்க நல்லா பாடுறீங்களாமே என்று ஆரம்பித்தேன். சார் முகம் போன போக்கைப் பார்க்க நீ அங்கே இல்லாமல் போனாயே. மைக்கைத் தொட்டுப் பார்த்தார், முதல் நாள்ல இருந்தா என்றார். இவள் ஆமா என்றாள். எல்லாமேவா என்றார். அதற்கும் ஆமா. அதற்கப்புறம் அவர் கேட்க வந்து கேட்காமல் விட்ட கேள்வி என்னவென்று எனக்கு விளங்கிவிட்டது, நான் நாகரிகமாக ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. ஒட்டுக் கேக்குறதுக்கா இதை மாட்டிக்கிட்டு அலையுறேன், இந்தாங்க உங்க மைக் என்று மேஜையில் வைத்துவிட்டார். அது இல்லாவிட்டால் பழையபடி தலையாட்டல்தான், அப்புறம் நீ பிடித்து வைத்த இடத்துக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை. காது டீச்சர், சார் அவ உங்ககிட்ட வந்து கேக்கல, நீங்கதான் போற இடமெல்லாம் அவ காதைக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க என்று மெதுவாகச் சொன்னார்.

அப்போது சின்னவளே பேசினாள். நீங்க சொல்றது எல்லாம் உள்ள போகுது சார், முழுசா வருது. மத்த பசங்க சொல்ற பதில்தான் வராது, அவங்ககிட்ட மைக் இல்லையே. நீங்க கேள்வி கேப்பீங்க, அப்புறம் சரி, தப்பு, அவன் சொன்னதுதான் கரெக்ட்டு அப்படின்னு மட்டும் வரும். எவன் என்ன சொன்னான்னு தெரியாம நான் எதைப் படிக்கிறது சார் என்றாள். பிள்ளைகள் சொல்லும் பதிலைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று காது டீச்சர் முதல் நாளே சொல்லியிருக்கிறார், சார் அதையும் மைக்கோடு கழற்றி வைத்துவிட்டார் போல. அன்னைக்கு நான் பேசுனது தப்பும்மா என்று இவளிடமே சொன்னார், என் பக்கம் திரும்பிச் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. மைக்கை எடுத்து மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டார், அணைத்துவிட்டுத்தான்.

இப்போது அந்த வகுப்பில் பதில் சொல்கிறவன் மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு சொல்ல வேண்டும். அதனால் ஒரே நேரத்தில் பத்துப் பேர் கத்துவது நின்றுவிட்டது, எனக்கே இப்பத்தான் யார் என்ன சொல்றாங்கன்னு தெரியுது என்கிறாராம் சார். மணி அடித்ததும் சின்னவள் தன் கழுத்தை விரலால் தட்டிக் காட்டுவாள், சார் அணைப்பார். ரேடியோ மூடினதில் கூட்டத்துக்கு வருத்தம், பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள். தையல்காரர் மகள் மட்டும் இன்னும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், இவள் முகத்தைப் பார்த்துப் பேசவும் பழகிவிட்டாள், இரண்டும் பேசிப் பேசிச் சாப்பாடு ஆறிப்போகிறது என்று உன் அம்மாவுக்குக் கவலை. போன வாரம் சார் மறுபடி மறந்து நடையைக் கட்டிவிட்டார். இவள் வராந்தா முழுக்க ஓடி ஸ்டாஃப் ரூம் வாசலில் பிடித்து மைக்கைக் காட்டியிருக்கிறாள். இதுக்குள்ள என்ன கேட்ட என்றாராம், ஒண்ணும் இல்ல சார் என்றாளாம். என்னடி கேட்ட என்று நானும் நச்சரித்துப் பார்த்தேன், ஸ்டாஃப் ரூம் விஷயமெல்லாம் வெளியில சொல்லக் கூடாதுப்பா என்கிறாள்.

சரி, முடிவு. நானும் அம்மாவும் சொல்லவில்லை, அவள் சொன்னாள். இந்த வருஷம் இங்கேயே படிப்பாளாம். லீவுக்கு உன்னிடம் வந்து அந்தப் பள்ளியை நேரில் பார்ப்பாளாம், கையாலேயே சளசளவென்று பேசுகிற பிள்ளைகள் நிறைய இருப்பார்களாமே, அவர்களோடு பழகிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்வாளாம். காது டீச்சரும் அது நல்லது, அந்தப் பேச்சும் அவளுக்கு வேணும் என்றார். ஆகையால் பிடித்து வைத்த இடத்தை விட்டுக்கொடுத்துவிடு, எந்தப் பிள்ளையாவது காத்திருக்கும். நீ நல்லதுக்குத்தான் செய்தாய், அதில் யாருக்கும் சந்தேகமில்லை, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, அது உனக்குப் பொருந்தாது.

உடம்பைப் பார்த்துக்கொள். நோயாளிகளுக்கு மாத்திரை கொடுக்கிற நேரத்தில் நீயும் எதையாவது சாப்பிடு. எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, அம்மாவுடையது கொஞ்சம் கூடுதல். ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த முறை முகம் தெரிகிற மாதிரி போன் போடு, வெளிச்சத்தில் உட்காரு, பாத்திரம் கழுவிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பிப் பேசாதே. போனை உன் அம்மாவிடமிருந்து நான் பிடுங்கிச் சின்னவள் கையில் கொடுக்கிறேன். எல்லாரையும் கேட்ட அக்கா என்கிட்ட ஏன்பா கேக்கல என்று என்னைக் கேட்டாள். நீயே அவளிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
தலைமுடியெல்லாம் மாவோடு
உன் அப்பா