இடது பக்கத்துப் பல்

நரிக்குடி
4.8.1991

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பியூலா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவர் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டீர்கள் என்று அம்மாவுக்கு இன்னும் குறை.

ஒரு யோசனை வேண்டும். அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி, 89 தேர்தலுக்கு ஒப்படைத்தபடியே போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கிறது. லைசென்ஸை என் பெயருக்கு மாற்ற வேண்டும், அல்லது ஒரேயடியாகக் கொடுத்துவிட வேண்டும். போய்ப் பார்த்தேன். கட்டையில் கரையான், குழலெங்கும் துரு. விரலால் தேய்த்தபோது அடியில் ஒரு கௌதாரி தெரிந்தது. அதன் கண்ணைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள்!

"அந்தப் பீடைய வீட்டுக்குள்ள கொண்டாராத" என்கிறாள் அம்மா. உங்கள் முழங்காலில் குண்டு பாய்ந்த பிறகு அப்பா அதைத் தொடவே இல்லையாம். தம்பியை நொண்டியாக்கிவிட்டேன் என்று அழுவாராம். சரிசெய்யலாமா, விட்டுவிடலாமா?

உங்கள் மகள்,
பியூலா

கோயம்புத்தூர்
12.8.1991

அன்பு பியூலாவுக்கு,

ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக. அது தேறாது. யாரிடமும் காட்டாமல் ஸ்டேஷனிலேயே விட்டுவிடு. தெரியாமல் நடந்தது. ஜெபதுரை அண்ணனை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன்.

சித்தப்பா,
ஞானமுத்து

நரிக்குடி
1.9.1991

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கோபப்படாதீர்கள், காட்டிவிட்டேன். அனுமதி வாங்கி மதுரையில் பால்ச்சாமி என்ற ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "கட்டைய மாத்திரலாம் தாயி, குழலும் தேறும். இடது குதிரை, அதான் தோட்டாவ அடிக்கிற சுத்தி, மாட்டி நிக்கிற பல்லத்தான் எவனோ அரம் போட்டு ராவிருக்கான். விசையத் தொட வேணாம், லேசாத் தட்டுனாலே வெடிச்சிரும்" என்றார். லென்ஸ் வைத்து அரத்தின் கோடுகளைக் காட்டினார்.

அப்பாவுக்கு ஒழுங்காக ஆணி அடிக்கவே வராது. யாரிடம் கொடுத்திருப்பார்? நினைவிருக்கிறதா?

பல்லை மாற்றினால் துப்பாக்கி பிழைக்கும். ஆனால் அந்தக் கோடுகள் போய்விடும். அதனால் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். அப்பா கைத்தவறால் சுடவில்லை என்றால் அம்மாவுக்கு அது தெரிய வேண்டாமா?

பியூலா

கோயம்புத்தூர்
14.9.1991

பியூலா,

அரம் போட்டது நான்.

"விசை ரொம்ப இறுக்கமா இருக்குலே" என்று அண்ணன் சொன்னாக. நான் அப்போது அருப்புக்கோட்டையில் லேத் பட்டறையில் இருந்தேன். எனக்குத் தெரியாததா என்ற திமிர். அளவு மீறி ராவிவிட்டேன். மறுநாள் கௌதாரிக்குப் போனோம். புதரைத் தட்டிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாக. அன்றே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று பதினெட்டு வருஷம் போய்விட்டது.

துப்பாக்கியைச் சரிசெய்யச் சொல், செலவு என்னுடையது. அந்தப் பழைய பல்லை எனக்குத் தபாலில் அனுப்பிவிடு. மதினியிடம் பக்குவமாக நீயே சொல்லிவிடு.

ஞானமுத்து

நரிக்குடி
19.9.1991

சித்தப்பா,

தபாலில் அனுப்ப மாட்டேன். அம்மாவிடம் நான் சொல்லவும் மாட்டேன்.

ஸ்டேஷனில் இந்த மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் நேரில் வந்து அம்மாவிடம் சொன்னால் துப்பாக்கியைச் சரிசெய்வோம். வராவிட்டால் அப்படியே ஒப்படைத்துவிடுவேன். அதன் பிறகு நமக்குள் கடிதம் வேண்டாம்.

வருகிற நாளை மட்டும் ஒரு கார்டில் எழுதுங்கள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன்.

பியூலா ஜெபதுரை