பூங்கொடி சொன்னதும் நான் சொன்னதும்

ஜூன் 3, செவ்வாய்

செங்கல்பட்டில் ஒரே புழுக்கம். கல்லூரியில் இரண்டு வகுப்பு எடுத்துவிட்டு மாமல்லபுரம் போனேன், கடலரிப்பு ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்கு. பல்கலைக்கழக ஆய்வைப் பார்த்து அரசுக்குப் பரிந்துரை செய்யும் குழு. தலைவர் தில்லிக்காரர், தமிழ் தெரியாது. அதனால் உறுப்பினரான நானே மொழிபெயர்ப்பாளன்.

கடலுக்குள் கல் கொட்டித் தடுப்பு கட்டுவதுதான் திட்டம். அதற்கு வடக்கே இருக்கும் குப்பத்திலிருந்து வந்த பூங்கொடி எழுந்தார். மீன் ஏலம் விடுபவர், குரல் கணீரென்று இருக்கும்.

"கல்ல கொட்டுனா மணலு அங்கியே நின்னுடும், எங்க கரை போயிடும். படக எங்க இஸ்து நிறுத்துறது, உங்க ஆபீஸ்லியா? மூணு தபா வந்து கேட்டீங்க, மூணு தபாவும் வேணாம்னோம். அப்பால இன்னாத்துக்கு கேட்டுகினே கீறீங்க?"

நான் ஆங்கிலத்தில் சொன்னது: சில கவலைகள் உண்டு, கலந்து பேச விரும்புகிறார். தலைவர் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார்.

"கரீட்டா சொல்லிட்டீங்களா சார்?" என்று பூங்கொடி கேட்டார். சொல்லிட்டேம்மா என்றேன்.

ஜூன் 4

அப்படியே சொல்லியிருந்தால் அவரை மதித்திருக்க மாட்டார்கள், அவர் நன்மைக்காகத்தான் — சீ. யாரை ஏமாற்றுகிறேன்? என்னை மதிக்க மாட்டார்களோ என்று பயந்தேன், அவ்வளவுதான். நேற்று டீ குடிக்கும்போது தலைவர், பக்குவமாகப் பேசுகிறீர்கள் என்று தோளில் தட்டினார். பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 19, வியாழன்

வரைவு அறிக்கை வந்துவிட்டது. "மீனவப் பெண்கள் கொள்கையளவில் எதிர்க்கவில்லை." குப்பத்தில் யாரோ படித்துக்காட்டியிருக்கிறார்கள். பூங்கொடி போன் செய்தார்.

"நான் இன்னா சொன்னேன், இவங்க இன்னா சார் எழுதிக்கீறாங்க?"

அது அவங்களா எழுதினதும்மா என்றேன். போனை வைத்த பிறகுதான் உடம்பெல்லாம் கூசியது. ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று வச்சலா கேட்டாள். தலைவலி என்றேன். பெண்டாட்டியிடமும் பொய்.

ஜூன் 20

பூங்கொடியின் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு, அழைக்காமலே போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

இறுதிக் கூட்டம். ஆரம்பிக்கும் முன்பே எழுந்து, போன முறை பூங்கொடி சொன்னதை நான் சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்றேன். முதலில் ஆங்கிலத்தில், பிறகு பூங்கொடியைப் பார்த்துத் தமிழில். தலைவர் முகம் சிறுத்துப்போனது. ஆனால் வேறு ஆள் இல்லை. என்னையே தொடரச் சொன்னார்.

பூங்கொடி மறுபடியும் கரையைப் பற்றிப் பேசினார், வேணாம் என்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"இந்த ஆளு எங்க கண்ணு முன்னாடியே எங்கள வித்துட்டான். கேட்டதுக்கு போன்லயும் பொய் சொன்னான். நாங்க பேசறப்ப இவன் இங்க இருக்கவே கூடாது. அதயும் அவருகிட்ட சொல்லு."

எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சொல் விடாமல் சொன்னேன். குப்பம் இந்தத் திட்டத்தை மறுக்கிறது என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. அதற்கு அடுத்த வரியில், அவர்கள் பேசும்போது இருக்கக் கூடாதவர் என்று என் பெயர்.