செயற்கைக்கோள் பெட்டியில் என் மகனாகப் பேசியவர் யார்?

அனுப்புநர்
கொ. பொற்கொடி,
க/பெ கொளஞ்சியப்பன்,
காலனித் தெரு, புதுக்கொல்லைமேடு,
கம்மாபுரம் ஒன்றியம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கடலூர்.

பொருள்: ராணுவத்தின் செயற்கைக்கோள் தொலைபேசியைச் சோதிப்பதாகக் கூறி எங்கள் கொல்லைகளில் நுழைந்து, அளவெடுத்து, கல் நட்டுச் சென்ற நபர்கள் மீது விசாரணை கோருதல் – சார்பு.

மதிப்பிற்குரிய அய்யா,

1. என் கணவர் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் இரு குடும்பங்களிலும் இதற்கு முன் யாருக்கும் சொந்த நிலம் இருந்ததில்லை. ராணுவத்தில் இருக்கும் எங்கள் ஒரே மகன் வளவன் தன் சம்பளத்தில் வாங்கிய கொல்லைதான் எங்களுக்கு முதல் நிலம். அதில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டிருக்கிறோம். மேற்கே உள்ள மற்றவர்களின் கொல்லைகளுக்கும் எங்கள் வரப்பு வழியாகத்தான் போக வேண்டும்.

2. சுரங்கத்துக்காக மேலும் நிலம் எடுக்கப்போவதாகப் பேச்சு இருப்பதால், முறையான அறிவிப்பு இல்லாமல் அளவெடுக்க வரும் எவரையும் உள்ளே விடுவதில்லை என்று ஊரில் முடிவு செய்திருந்தோம்.

3. மார்கழியில் வளவனைப் பனிமலையில் உள்ள காவல் முகாமுக்கு அனுப்பினார்கள். ஏறுவதற்கு முன் பேசியபோது, "மேல டவர் கிடைக்காது. போன் வரலன்னு அழுதுகினு இருக்காத. செயற்கைக்கோள்ல பேசற பெட்டி ஒண்ணு இருக்குது, ஆனா அது டூட்டிக்கு மட்டுந்தான்" என்றான். அதன் பிறகு அவனிடமிருந்து தகவல் இல்லை. பனிச்சரிவு என்று தொலைக்காட்சியில் செய்தி வந்தாலே என்னால் சாப்பிட முடியாது.

4. தை மாதக் கடைசியில் ஒரு ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். பச்சைப் புள்ளித் தொப்பி அணிந்திருந்தார்கள். ஒரு பெட்டி, தட்டு போன்ற ஒரு கருவி, முக்காலி ஆகியவற்றை இறக்கினார்கள். கண்ணாடி போட்டவர் மட்டும் பேசினார். "ஆர்மி ட்ரையல்மா. சாட்டிலைட் போன். மலைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி திறந்தவெளியில டெஸ்ட் பண்ணணும்" என்றார். நான் மறுத்தேன். அவர், "உங்க பையன் வளவன்தானே, மேல இருக்காரு? இப்பவே பேசறீங்களா?" என்றார். மகன் பெயரை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

5. ரிசீவரை என் காதில் வைத்தார். இரைச்சலுக்கு நடுவே, "அம்மா, நல்லா இருக்கேம்மா. இங்க ஒரே பனி. சார் கேக்கறத செஞ்சி குடும்மா" என்று ஒரு குரல் கேட்டது. நான் அழுதுவிட்டேன். அதற்குள் இணைப்பு போய்விட்டது. அவர்களை உள்ளே விட்டேன். அதோடு நிற்காமல், அண்டைக் கொல்லைக்காரர்களான தனம், தங்கராசு இருவரிடமும் போய், "மிலிட்டரிக்காரங்க, வுடுங்க. என் புள்ளைகிட்ட பேச வச்சாங்க" என்று நானே சொன்னேன்.

6. ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் இதைக் கேட்டுவிட்டு, "அவன் என்னைக்கு உன்ன அம்மான்னு கூப்ட்டான்?" என்றார். என் தம்பிகளோடு சேர்ந்து வளர்ந்ததால் வளவன் என்னை அக்கா என்றுதான் அழைப்பான். நான் கோபப்பட்டு, "பெரிய ஆபீசர் பக்கத்துல நிக்கச்சொல்லோ அக்கான்னா கூப்புடுவான்?" என்றேன். என் மனதிலும் அது உறுத்தியது. ஆனாலும் அந்தக் குரலை விட்டுவிட எனக்கு மனமில்லை.

7. அவர்கள் சில நாட்கள் வந்தார்கள். முக்காலியை வரப்புக்கு வரப்பு தூக்கிப் போய் ஒவ்வொரு மூலையிலும் நிறுத்தினார்கள். குழாய் இறக்கி மண் எடுத்துப் பையில் கட்டினார்கள். போனுக்கு மண் எதற்கு என்று தனம் கேட்டதற்கு, "எர்த் பாக்கறோம்" என்றார்கள். கடைசி நாளில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களை நட்டுவிட்டுப் போனார்கள்.

8. மாசியில் வளவன் மலையிலிருந்து கீழே இறங்கி வந்து போனில் பேசினான். "அன்னைக்கு அந்தப் பெட்டியில பேசினியே" என்றேன். "அக்கா, நான் பேசல. யாருகிட்ட பேசின நீ?" என்று கேட்டான்.

9. அதே நபர்கள் சென்ற மாதம் மீண்டும் வந்தார்கள். தங்கராசு தடுத்ததால், அவரைச் சமாதானப்படுத்தும்படி கேட்டு, மறுபடியும் மகனோடு பேசச் சொன்னார்கள். நான் ஒன்றும் தெரியாதவள் போல வாங்கிப் பேசினேன். "அம்மா, நல்லா இருக்கியாம்மா?" என்றது அதே குரல். "நல்லா இருக்கேன் தம்பி. நீ யாரு வூட்டுப் புள்ளப்பா? உன்ன பெத்தவளுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன். மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடி போட்டவர் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். பெட்டியைக்கூடச் சரியாக மூடாமல் கிளம்பினார்கள். ஜீப்பின் எண் பலகையில் சேறு பூசியிருந்தது.

10. எங்கள் கொல்லையில் இருந்த கற்களை அன்றே பிடுங்கிப் போட்டேன். காவல் நிலையத்தில் புகாரை வாங்கவில்லை. "மிலிட்டரி விஷயத்துல தலையிடாதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் கல்லைப் பிடுங்கியதற்காக, அரசுச் சொத்தைச் சேதப்படுத்தினேன் என்று மறுநாளே என்னை விசாரணைக்கு அழைத்தார்கள். நட்டவர் யாரென்றே தெரியாத கல் அரசுச் சொத்து என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

11. அவர்களை அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் எவர் மீதும் பழி போட மாட்டேன். ராணுவத்தின் மீதும் எனக்குக் குறை இல்லை. ஆனால் வளவன் ராணுவத்தில் இருப்பது, அவன் சீருடைப் படம் போட்டு ஊரில் வைத்த திருவிழா பிளெக்ஸைப் பார்த்த எவருக்கும் தெரியும். அவன் டவர் இல்லாத இடத்தில் இருப்பது ஊருக்குள் சிலருக்கு மட்டுமே தெரியும். அதைச் சொன்னவர் யார் என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். நான் எதற்கோ விலை போய்விட்டதாகத் தங்கராசு என்னோடு பேசுவதில்லை. அவரைக் குறை சொல்லவும் என்னால் முடியவில்லை.

ஆகவே அய்யா அவர்கள், அந்த நபர்கள் யார், எவருடைய அனுமதியில் வந்தார்கள், எதை அளந்தார்கள் என்பதை விசாரித்து எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும், ஏமாற்றிப் பெற்ற என் வாய்ச் சம்மதத்தை ஊராரின் சம்மதமாக எங்கும் கொள்ளக் கூடாது என உத்தரவிடவும், அந்தக் குரலுக்கு உரிய இளைஞரைக் கண்டறியவும் கேட்டுக்கொள்கிறேன். அவரைத் தண்டிக்க வேண்டும் என்பதல்ல. அவரை அப்படிப் பேச வைத்தவரின் பெயர் எனக்கு வேண்டும்.

இப்போது வளவன் பேசினால், சாப்பிட்டாயா என்று நான் முதலில் கேட்பதில்லை. தாத்தா பெயர் என்ன, சின்ன வயதில் எந்தக் காலை உடைத்துக்கொண்டாய் என்று கேட்டு, அவன்தான் என்று உறுதியான பிறகே பேசுகிறேன். அவனும் கோபப்படாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறான்.

தங்கள் விசாரணையை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) கொ. பொற்கொடி

இடம்: புதுக்கொல்லைமேடு
நாள்: 03.04.2017