சினை ஆடுகளின் சிவப்புப் பொட்டை அழிக்கச் சொன்ன உத்தரவு குறித்து

அனுப்புநர்
ஹெலெத் பெப்,
கய்-பிரூயின் ஆட்டுப் பண்ணை,
நான்ட்-லாஸ் பள்ளத்தாக்கு, வேல்ஸ்.

பெறுநர்
கால்நடை நல அலுவலர் அவர்கள்,
மாவட்ட மன்ற அலுவலகம்.

பொருள்: சினை ஆடுகளின் முதுகிலுள்ள சிவப்புக் குறியை அகற்றும்படி வந்த உத்தரவைத் திரும்பப் பெறக் கோருதல் – மிக அவசரம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் அண்ணன் இத்தெலும் மலைச்சரிவில் சிறிய செம்மறிப் பண்ணை வைத்திருக்கிறோம். ஏப்ரல் பிறந்ததும் ஆடுகள் குட்டி போடத் தொடங்கும். பட்டியில் வைக்கோல் பரப்பியாயிற்று, அயோடின் வாங்கியாயிற்று, பால் புட்டிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தாயிற்று. ஆனாலும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. காரணம் தங்கள் அலுவலகத்து உத்தரவு.

2. காரில் போன சுற்றுலாக்காரர்கள் சிலர், எங்கள் ஆடுகளின் முதுகில் ரத்தம் வழிவதாகப் புகார் கொடுத்தார்களாம். அது ரத்தம் அல்ல, காவிப் பொடி. ஸ்கேன் எடுப்பவர், ஓர் ஆட்டின் வயிற்றில் இரண்டு குட்டி என்று சொன்னால் அந்த ஆட்டுக்குச் சிவப்புப் பொட்டு வைப்போம். ஒன்று என்றால் வெறுமனே விடுவோம். ஆட்டின் காதில் மாட்டிய வில்லையின் எண்ணை எழுதி வைப்பது பெரிய பண்ணைக்காரர்கள் வழக்கம், எங்களுக்குப் பொட்டுதான் எல்லாம். தங்கள் அலுவலகத்தார் ஒருவர் வந்து விரலால் தொட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஒருவரும் வரவில்லை. 'பொதுமக்களைக் கலங்கச் செய்யும் குறிகளை உடனே அகற்றவும்' என்ற தாள் மட்டும் வந்தது.

3. அது வந்த அன்று நான் தீவனம் வாங்க ஊருக்குப் போயிருந்தேன். என் அண்ணன் அரசு முத்திரையைக் கண்டால் எழுந்து நின்று படிக்கிற மனிதர். எடுத்த வேலையை அரைகுறையாக விடாதவரும்கூட. வெந்நீரும் சோப்பும் வைத்துப் பொட்டு இட்ட ஆடுகளையெல்லாம் சாயல்கூட மிஞ்சாமல் கழுவிவிட்டார். மழையில் வழி அடைபட்டு நான் மறுநாள்தான் திரும்பினேன். அதற்குள் எல்லா ஆடுகளும் நனைந்து ஒன்றுபோல நின்றன. கத்தித் தீர்த்தேன். "கவர்மெண்டே சொல்லுது, நாம யாரு வேணாங்கறதுக்கு?" என்றார்.

4. இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்குக் கடைசி வாரங்களில் தீவனம் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் சோர்ந்து விழுந்துவிடும். அதே தீவனத்தை ஒற்றைக் குட்டிக்காரிக்குப் போட்டால் குட்டி பெருத்து, பிறக்கும்போது சிக்கித் தாயையும் கொண்டுபோகும். எந்த ஆட்டுக்குக் கூட்டுவது, எந்த ஆட்டுக்குக் குறைப்பது? மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னால், குட்டிகள் இவ்வளவு வளர்ந்தபின் எண்ண முடியாது என்று ஸ்கேன்காரரும் கையை விரித்துவிட்டார். விடிந்தால் ஒவ்வொன்றின் வயிற்றையும் தடவிப் பார்க்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

5. நேற்று ஓர் ஆடு செத்தது. கால்நடை மருத்துவர் வயிற்றைத் திறந்து பார்த்தார். "ரெண்டு குட்டிம்மா. தீனி பத்தல" என்றார். அண்ணன் பட்டிக் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் உள்ளே வரவில்லை. குறுக்கே சிக்கிய குட்டியைக் கையை உள்ளே விட்டுத் திருப்பி எடுக்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

6. பக்கத்துப் பண்ணை தெக்வெனுக்கும் இதே தாள் வந்திருக்கிறது. சனிக்கிழமை கழுவப் போகிறாராம். வேண்டாம் என்று கெஞ்சினால், "ஒம்பேச்சு பெரிசா, ஆபீஸ் தாளு பெரிசா?" என்று கேட்கிறார்.

7. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் இந்த உத்தரவை ரத்து செய்து, தெக்வெனுக்கு நேரில் ஆள் அனுப்பித் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எங்களுக்கு வரும் கடிதத்தை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம். திரு. இத்தெல் பெப் என்று எழுதி, பிழை அலுவலகத்தினுடையது, அவருடையது அல்ல என்று ஒரு வரி சேர்த்து, முத்திரை வைத்து அனுப்புங்கள். நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன், என் வார்த்தை எடுபடவில்லை. முத்திரை இருந்தால் நம்புவார். அடுத்த வாரம் குட்டிகள் வரத் தொடங்கிவிடும். அதற்குள் அவர் பட்டிக்குள் வந்தாக வேண்டும்.

இடம்: நான்ட்-லாஸ்
நாள்: மார்ச் 24

இப்படிக்கு,
தபால்காரரை எதிர்பார்த்து நிற்கும்,
ஹெலெத் பெப்