டப்பாவில் வந்த சலவைத் தூள்

மனைவிக்கு,

நலமா என்று கேட்கும் தகுதியை நானே கெடுத்துக்கொண்டேன், இருந்தாலும் கேட்கிறேன். மகளுக்கு இருமல் நின்றதா?

போன வாரம் எனக்கு மறுபடியும் அதே தொல்லை. ஆணுறுப்பின் நுனி சிவந்து வீங்கி, ஒரே அரிப்பு, சிறுநீர் போனால் எரிச்சல். பயப்படாதே, களிம்பில் குறைந்துவிட்டது. டாக்டர் சர்க்கரை பார்த்தார், இல்லை. என்ன வேலை என்றார். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடம் என்றேன்.

"உள்ளாடையும் அந்தச் சலவைத் தூள்லதான் துவைக்கிறீங்களா? அந்தக் காரம்தான் புண்ணாக்குது. துணிய நல்லா அலசுங்க. அந்த இடத்துல சோப்பே வேண்டாம், வெறும் தண்ணியில கழுவி ஈரமில்லாம துடைங்க."

லீவில் வந்தபோது அதே தூளைத்தான் டப்பா நிறையப் பெருமையாகக் கொண்டுவந்தேன். அதில்தான் நீ என் துணிகளைத் துவைத்தாய். பத்தாம் நாள் எனக்கு இதே புண் வந்ததும், "யார்கிட்ட போன?" என்று உன்னைக் கேட்டேன். "ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போவோம்ங்க" என்று கெஞ்சினாய். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்தத் தூளைக் கொட்டிவிடு. என் பழைய பருத்தி உள்ளாடைகளை அனுப்பு. கூட ஒரு வரி எழுதினால் போதும், திட்டியாவது எழுது. வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள்.

அந்தத் தூள் பட்டு உன் விரல்கள் வெடித்திருந்ததை அன்றே பார்த்தேன். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.