திரைக்குப் பின்னால் பார்த்த ராணி

என் ஆசைப் பொன்னம்மை மைனிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாறுவேடப் போட்டியில் உங்கள் மகள் வள்ளிக்குத்தான் முதல் பரிசு. எந்தக் கதையை ஆரம்பித்தாலும், "அவ கடைசியில சாவாளா பொழைப்பாளா, அதச் சொல்லிட்டு மத்தத சொல்லு" என்று கேட்கிற ஆள் நீங்கள். ஆகவே நிம்மதியாக உட்கார்ந்து கேளுங்கள். நம் ராணி பிழைத்தாள், ஜெயித்தாள், எவர்சில்வர் கிண்ணத்தோடு வீடு வந்து சேர்ந்தாள்.

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. அண்ணனுக்கு மனைவியாக இந்த வீட்டுக்கு வந்து, எனக்குத் தோழியாக, கூட்டுக்காரியாகிப் போனவர் நீங்கள். ஒப்பாரி கேட்டால் எழுந்து போய்விடுகிற கூட்டுக்காரி. அதனால் சந்தோஷச் சேதி ஒன்று வரட்டும் என்று காத்திருந்தேன். இப்போது வந்துவிட்டது. அதோடு நாம் இருவரும் சேர்ந்து செய்த மகா முட்டாள்தனம் ஒன்றும் வெளியே வந்துவிட்டது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குழித்துறை ஆற்றங்கரையில் சினிமாக் கொட்டகை போட்டிருந்த வருஷம் நினைவிருக்கிறதா? பெண்கள் சினிமாவுக்குப் போனால் குடும்பம் உருப்படாது என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். நீங்கள் அவரிடம் வாதாடவே இல்லை. செல்லம்மக்காவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். செல்லம்மக்கா குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுப் புறவாசலும் கொட்டகையின் பின்பக்கமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. முடைந்த ஓலையில் இரண்டை விலக்கினால் போதும், பெரிய வெள்ளைத் துணியில் படம் நமக்கும் தெரியும். கிழங்குக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பார்த்தோம்.

குதிரையேறி வந்த அந்த ராணி இடுப்பிலிருந்து வாளை உருவியபோது என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினீர்களே, வளையல் இரண்டு உடைந்தது.

"ஏட்டி தங்கம், பாத்தியா? அவளுக்கும் எடக்கைதான்."

நான் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கையைப் பார்த்தீர்கள். உங்களுக்கு வேறு எதைப் பார்க்கத் தோன்றும்? வீட்டில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று, சோறு கண்டாலும் சிலேட்டுக் குச்சி கண்டாலும் இடது கையை நீட்டி, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் தன் தோளில் கிடக்கிற துவர்த்துத் துண்டை எடுத்து அவள் இடது கையை முதுகுப்பக்கம் சேர்த்துக் கட்டிவிடுவார். அந்தத் துவர்த்தில் அவள் கண்ணீரைத் துடைக்கக்கூட வழியில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் நீங்கள் செய்த முதல் வேலை அந்தக் கட்டை அவிழ்த்ததுதான். "ராணிக்கே எடக்கைதான் மக்கா. நான் எனக்க கண்ணால பாத்தேன்" என்று சொன்னீர்கள். சினிமா பார்த்த குட்டு உடைந்து அண்ணனிடம் நாம் பட்ட பாடு தனி, மறுநாளிலிருந்து துவர்த்துக் கட்டும் திரும்பி வந்தது. ஆனால் பிள்ளையின் முகம் அன்றைக்குத்தான் மலர்ந்தது. அந்த வாரமே ராணியின் உடுப்பை அவளுக்குத் தைப்பது என்று முடிவு செய்தீர்கள்.

அதோடு ராணியின் தோழிமார் எல்லாரும் முந்தானையை வலது தோளில் போட்டிருந்தார்கள் என்று நாம் கவனித்தோம். "மெட்ராஸ்ல அப்பிடித்தான் உடுப்பாவளாயிருக்கும்" என்றீர்கள். ஒரு வாரம் அடுக்களையில் நாம் இருவரும் அப்படியே உடுத்து நடந்தோம். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

படம் கறுப்பு வெள்ளை. சட்டை என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? நான் சிவப்பு என்றேன். நீங்கள் நாவல்பழ நிறம்தான் என்று அடித்துச் சொன்னீர்கள். ஏன் சொன்னீர்கள் என்பது மறுநாள் உங்கள் நாவல்பழ நிறக் கல்யாணப் புடவையின் உள்முந்தானையில் கத்தரி ஏறியபோது புரிந்தது. இடுப்புக்குள் போகிற பாகம்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்றீர்கள். முதுகில் தொங்குகிற போர்வைக்கு அண்ணனின் ஓட்டைக் குடை. வாளுறைக்குக் கமுகம்பாளை. பொத்தானுக்குச் சிகரெட்டு ஈயத்தாள் சுற்றிய புளியங்கொட்டை. இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் குறுக்கே இறங்குகிற கச்சையை மட்டும் நான்கு தடவை பிரித்துத் தைத்தீர்கள். உறை வலது இடுப்பில் சரியாக நிற்க வேண்டும், இடது கை ஒரே வீச்சில் வாளை உருவ வேண்டும் என்று பிடிவாதம்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். ஒரு கை தைத்தபடியும் ஒரு கை தைக்காமலும் அந்தச் சட்டை உங்கள் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. நான் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. எனக்குப் பயம், மைனி. திறந்தால் நீங்கள் போனது நிஜமாகிவிடும் என்று ஒரு கிறுக்குப் பயம்.

இந்த வருஷம் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் மாறுவேடப் போட்டி என்று சொன்னார்கள். வள்ளி நேரே என்னிடம் வந்தாள். "அத்த, அம்மை வெட்டி வச்ச சட்ட இருக்கில்லா?" என்று கேட்டாள். அன்று பெட்டியைத் திறந்தேன். ஏழு வயதுக்கு வெட்டியது ஒன்பது வயதுக்கு எங்கே சேரப் போகிறது என்று நினைத்தேன். தையலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு விரல்கடை துணி மடித்து விட்டிருக்கிறீர்கள். வளர்கிற பிள்ளை என்று எண்ணி விட்டீர்களா, வேறு ஏதாவது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்ததா? அந்தத் துணியை இறக்கிவிட்டேன். அளவெடுத்ததுபோல் சேர்ந்தது.

மிச்சக் கையையும் தைத்து முடிக்கிற சமயத்தில் அதே கொட்டகை, அதே ஆற்றங்கரைக்கு, அதே படத்தோடு மறுபடியும் வந்தது. ராணியின் கழுத்துப்பட்டை எப்படி இருந்தது என்று எனக்கு மறந்துவிட்டது, ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டேன். நீங்கள் போன பிறகு அவர் அதிகம் மறுப்பதில்லை. மறுக்க ஆளில்லாமல் போய்விட்டதுபோல் இருக்கிறார். வள்ளியையும் என்னையும் அவரே கூட்டிக்கொண்டு போய், டிக்கெட் எடுத்து, முன்பக்கம் உட்கார வைத்தார்.

ராணி வந்தாள். வாளை உருவினாள். வலது கையால், மைனி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வள்ளி என் காதருகே வந்து மெதுவாக, "அத்த, இவ வலத்தே கையாலயில்லா எடுக்கா" என்றாள். தோழிமாரின் முந்தானை எல்லாம் ஒழுங்காக இடது தோளில் கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாம் துணியின் மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். நாம் பார்த்ததெல்லாம் இடம் வலமாக மாறித் தெரிந்திருக்கிறது. நாம் நேரத்தோடு போய் முதலில் போடுகிற பெயர்களைப் பார்த்திருந்தாலாவது எழுத்துகள் திரும்பி நிற்பதைக் கண்டு விழித்திருப்போம். செல்லம்மக்காவின் கிழங்கு நம்மைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டு வாசலில் வைத்துக் கேட்டாள்.

"அம்மை எனக்கிட்ட பொய்யா அத்த சொன்னா?"

அண்ணன் காதில் அது விழுந்தது. அவர் உள்ளே போய்விட்டார். உன் அம்மா பின்னால் உட்கார்ந்து பார்த்தாள் என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. பெரியவர்கள் சமாதானத்துக்குச் சொல்கிற கதை என்று நினைத்தாள். மறுநாள் காலையில் சட்டையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "உறைய எடத்தே பக்கம் மாத்தித் தா. கச்சையையும் மாத்து. சரியான ராணியா தச்சுத் தா" என்றாள்.

போட்டிக்கு மூன்றே நாள். கத்தரியைக் கையில் எடுத்துவிட்டேன், மைனி, ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் நான்கு தடவை பிரித்துத் தைத்த கச்சையில் கத்தரி முனையை வைத்தேன். என்னால் ஒரு நூலைக்கூட அறுக்க முடியவில்லை. அதை மாற்றினால் பிள்ளை வலது கையால் வாளெடுப்பாள், நீங்கள் பொய் சொன்னவர் என்பது முடிவாகிவிடும். கத்தரியைக் கீழே வைத்தேன்.

அன்று சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு செல்லம்மக்கா வீட்டுக்குப் போனேன். "கூடைய அங்கயே வச்சிருக்கேன், போய் இரிங்க" என்றாள் அவள், நேற்று எழுந்து போனவர்களிடம் சொல்வதுபோல. உங்கள் இடத்தில் வள்ளியை உட்கார வைத்து ஓலையை விலக்கினேன். "உனக்க அம்மை இஞ்ச இருந்துதான் பாத்தா. நல்லாப் பாத்துக்கோ" என்றேன்.

ராணி வந்தாள். இடது கையால் வாளை உருவினாள்.

வள்ளி மூச்சு விடாமல் பார்த்தாள். பிறகு தன் இடது கையைத் தூக்கி, விரலை மடக்கி, அந்த ராணியைப் போலவே பிடித்துப் பார்த்தாள். "அம்மை பொய் சொல்லல்ல" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள். எழுந்து நடக்கும்போது, "உறைய மாத்தாண்டாம் அத்த. அம்மை பாத்த ராணி போதும்" என்றாள். அந்த இருட்டு வழியில் நான் அழுதேன். நீங்கள் எழுந்து போய்விடாதீர்கள், இது வேறு அழுகை.

இனி விழாவுக்கு வருகிறேன். நாவல்பழச் சட்டையும் குடைத்துணிப் போர்வையுமாக அவள் மேடையேறி, கமுகம்பாளை உறையிலிருந்து ஒரே வீச்சில் மூங்கில் வாளை உருவினாள். பள்ளிக்கூடம் முழுக்கக் கைதட்டியது. அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்த சார் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். அவர் எழுந்து, "பிள்ளே, ராணிக்கு வாளு அந்தப் பக்கமில்லா? நீ தப்பா கெட்டியிருக்கே" என்றார்.

வள்ளி வாளைத் தாழ்த்தவே இல்லை. "சார் முன்னால இருந்து பாத்திய. எனக்க அம்மை பின்னால இருந்து பாத்தா. ரெண்டும் ஒரே ராணிதான்" என்றாள்.

தலைமையாசிரியரான பெரிய சார் முதலில் சிரித்தார். பிறகு அந்த சாரும் சிரித்து உட்கார்ந்தார். முதல் பரிசு என்று அவள் பெயரை வாசித்தபோது எனக்குச் சந்தோஷத்துக்குப் பதில் வேறு பயம் வந்தது. பரிசை இடது கையால் வாங்கிவிட்டால்? பரிசு கொடுக்க வந்த போஸ்டு மாஸ்டர் கிண்ணத்தோடு நிற்கிறார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. அண்ணன் துவர்த்தை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பரிசுக்காரனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ராஜா வேஷம். அவன் வலது கையில் வாள், அதை விட மனசில்லாமல் இடது கையை நீட்டினான். போஸ்டு மாஸ்டர் முறைத்த முறையில் பையன் வாளைக் கீழே போட்டுவிட்டான். அடுத்து நம் பிள்ளை போனாள். வாள் அவளுடைய இடது கையில் இருந்தது. ஆகவே காலியாக இருந்த வலது கையை மரியாதையாக நீட்டி வாங்கினாள். வாளும் தாழவில்லை, மரியாதையும் குறையவில்லை. "என்ன ஒரு ஒழுக்கமான பிள்ளை" என்று போஸ்டு மாஸ்டர் ஒலிபெருக்கியில் சொன்னார். நான் நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினேன், மைனி. யார் என்ன நினைத்தால் என்ன?

அண்ணன் எழுந்து மேடைப்பக்கம் போனார். இறங்கி வந்த பிள்ளையின் முகம் வியர்த்து வழிந்தது. அந்தத் துவர்த்தால் நெற்றியையும் கழுத்தையும் மெல்லத் துடைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சோறு பரிமாறினேன். அவள் வழக்கம்போல் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள், கட்டுவதற்குத் தோதாக. அண்ணன் அதைப் பார்த்தார், துவர்த்தைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

"ராணி எந்தக் கையால தின்னுவாளோ அந்தக் கையால தின்னு மக்கா" என்றார்.

இன்னொரு சேதியும் உண்டு. நம் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. இனி நாமும் மெட்ராஸ்காரிகள்தான். ஆனால் முந்தானையை இடது தோளிலேயே போட்டுக்கொள்ளலாம், அதில் மாற்றம் இல்லை.

சட்டையை மடித்து உங்கள் பெட்டியில் வைக்கவில்லை. வெளியே கொடியில் தொங்குகிறது. அடுத்த வருஷத்துக்கு இறக்கிவிட உள்ளே இன்னும் ஒரு விரல்கடை துணி இருக்கிறது. அது தீர்ந்தால் புடவையில் இன்னொரு முழம் வெட்டுவேன், அதற்கு உங்கள் அனுமதியைக் கேட்கப்போவதில்லை. ஒன்று மட்டும் சத்தியம் செய்து தருகிறேன். நான் உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டில் அந்தத் துவர்த்து அண்ணன் தோளில் கிடக்கும், பிள்ளையின் வியர்வை துடைக்கும். அவள் கையில் இனி ஏறாது.

உங்கள் பக்கத்தில் கூடையில் உட்கார்ந்து படம் பார்த்த,
உங்கள் நாத்தனார்
தங்கம்மை